ஐந்து குழிப் பெட்டி

கெப்பாலா பத்தாஸ்
27 ஆகஸ்ட் 1943

அன்புள்ள ஞானாம்பிகை அக்காவுக்கு,

ஹமீது எழுதுவது. தேங்காய் வியாபாரம் பார்க்கும் நாகூர் மீரானிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் அடிக்கடி படகில் கடலைத் தாண்டி நம் பழைய தீவுக்கு, உங்கள் பக்கம் வருகிறார், நம்பலாம். பதிலையும் அவர் கையிலேயே கொடுங்கள். தபாலில் போட்டால் ஜப்பான்காரன் பிரித்துப் படித்த பிறகுதான் நமக்கு.

சலேஹாவுக்குக் குளிர்காய்ச்சல் விடவில்லை, அக்கா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது. வீட்டில் இருக்கிற கோணிப்பைகளையெல்லாம் போர்த்தினாலும் பல் கிட்டிக்கொள்கிறது. வயல் ஓரத்து வீடு, கொசுவுக்குச் சொல்லவே வேண்டாம். இங்கே வைத்தியம் பார்க்கிறவர் கையை விரித்துவிட்டார். குயினின் கிடைத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் துஆ கேளுங்கள் என்றார்.

டாக்டருக்கு உதவியாக இருந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஜெயராஜை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குண்டு விழுந்து நம் கடை போவதற்கு முன், தினமும் காலையில் ரொட்டி சாப்பிட வருவாரே, அவர்தான். சண்டைக்கு முன்னால் வாங்கிய குயினின் ஒரு புட்டி அவரிடம் இருக்கிறது. பத்து வருஷமாக என் பழைய வெள்ளிக் காசுகளைக் கேட்டுக்கொண்டிருந்த மனிதர். "என் கண்ணைக் கேளுங்கள், தருகிறேன். காசைக் கேட்காதீர்கள்" என்று சொல்லி அனுப்புவேன். இப்போது நானே ஆள்விட்டுக் கேட்கும்படி ஆயிற்று. காசு வந்தால் மருந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நான் வரத்தான் நினைத்தேன். ரோட்டில் பாஸ் இல்லாத ஆம்பளையைக் கண்டால் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிவிடுகிறார்கள். நானும் போய்விட்டால் குழந்தை ஹபீபாவுக்கும் படுத்துக் கிடக்கிற அவள் அம்மாவுக்கும் யார்?

உங்கள் சாமி அறையில் நான் வைத்துவிட்டு வந்த நீலப் பெட்டியை நல்லபடியாக ஜெயராஜிடம் சேர்த்துவிடுங்கள். வேறு யாரையும் நான் நம்பவில்லை.

இப்படிக்கு
ஹமீது


டத்தோ கிராமாட்
சுபானு வருஷம் ஆவணி 14

தம்பி ஹமீதுக்கு,

பிள்ளையார் துணை. உம்மடை அல்லாவும் துணை. ரெண்டு பேரும் ஒண்டாச் சேர்ந்து அந்தப் பிள்ளையைப் பாக்கட்டும். எந்தச் சாமி முந்தி வந்தாலும் எனக்குச் சம்மதம்.

உம்மடை கடிதத்தை வாசிச்சுப்போட்டு அப்பிடியே இருந்திட்டன். அடுப்பிலை மரவள்ளிக் கிழங்கு கரிஞ்சு பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து இறக்கினவள். சலேஹாவோ? வெறுங்காலோட வேலி தாண்டி வந்து, "அக்கா, இதுல உப்பு சரியா பாருங்க" எண்டு உள்ளங்கையிலை குழம்பை நீட்டுறவள். அவளுக்கோ காய்ச்சல்! ஹபீபா "பெரியம்மா" எண்டு கூப்பிட்ட சத்தம் இண்டைக்கும் காதுக்குள்ளை நிக்குது. நீங்கள் போன நாள் தொடக்கம் இந்த வீடு ஊமை வீடு. நான் ஆரோட கதைக்கிறது? பிள்ளையாரோட கதைக்கிறன். அவர் திருப்பிக் கதைக்கிறேல்லை, அது ஒரு வசதி.

வாற வெள்ளி சதுர்த்தி. சலேஹா எழும்பி நடந்தால் தேங்காய் உடைக்கிறன் எண்டு நேந்திருக்கிறன். மீரான் சொல்லுறான், "பெரிம்மா, ஒரு தேங்கா இப்ப என்ன வெல தெரியுமா? சாமிய கொஞ்சம் பொறுக்கச் சொல்லு லா" எண்டு, இந்த ஊர் "லா"வும் சேத்து. "எடேய், நீ கொண்டாற தேங்காயிலை ஒண்டு உடைஞ்சு போச்செண்டு நினைச்சுக் குடுத்திட்டுப் போ" எண்டன். சிரிச்சுக்கொண்டே குடுத்திட்டான். நல்ல பிள்ளை.

இனி விசயத்துக்கு வாறன். பெட்டியைத் திறந்து பாத்தன். கோவிக்காதையும். என்ன இருக்கெண்டு தெரியாமல் எப்பிடி ஒருத்தர் கையிலை குடுக்கிறது? உள்ளை பட்டுத்துணியிலை அஞ்சு குழி, காசு நாலு. ஒண்டை நீர் எப்பவோ வித்திருப்பீர். ஆனால் தம்பி, அந்த நாலும் கிடந்த கோலம்! கறுப்பும் ஊதாவுமாய், மயில் கழுத்து மாதிரி. ராணியம்மாவின்ரை முகமே தெரியேல்லை. மருந்து வேண்டப் போற சாமானை இப்பிடிக் கறுக்கவிட்டோ குடுக்கிறது? சாமி அறையிலை இருந்த வெள்ளியை இந்த மனுசி எப்பிடி வைச்சிருந்தவள் எண்டு அந்த டிரெஸ்ஸர் நினைக்க மாட்டாரோ?

சதுர்த்திக்குக் குத்துவிளக்கு விளக்க வேணும்தானே. அதோட சேத்து விளக்கிப் போட்டன். புளி எங்கை கிடக்கு? பின்வளவிலை புளிப்பான பிலிம்பிங் காய் கொத்துக் கொத்தாய்க் காய்ச்சிருக்கு. அதைப் பிளந்து நல்லாத் தேய்ச்சு, கழுவி, பேந்து நான் கையாலை சாணி சுட்டு அரிச்ச திருநீற்றைப் போட்டுத் துணியாலை அழுத்தி அழுத்தித் துடைச்சன். கை நொந்து போச்சு. ஒவ்வொரு காசுக்கும் சலேஹாவின்ரை பேரைச் சொல்லித்தான் துடைச்சனான். இப்ப வந்து பாரும். நேற்று அடிச்ச காசு மாதிரி! பிள்ளையார் காலடியிலை வைச்சிருக்கிறன்.

நாளைக்குச் செவ்வாய். மருந்துக் காரியத்துக்குச் செவ்வாய் வேண்டாம். புதன் காலமை கொண்டுபோய்க் குடுக்கிறன். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்.

ஞானாம்பிகை அக்கா


கெப்பாலா பத்தாஸ்
1 செப்டம்பர் 1943

அக்கா,

துடைத்தீர்களா? உண்மையாகவே துடைத்துவிட்டீர்களா?

இன்று முதல் நோன்பு. கோபப்படக் கூடாத நாள். மீரான் கடிதத்தை நீட்டினார், வாசித்தேன், உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அவை கடைத்தெருவில் புழங்கிய காசுகள் அல்ல. ஊருக்குக் காசு அடிக்கிறதற்கு முன்னால், அச்சைக் கண்ணாடி போல மெருகேற்றி, மாதிரிக்கென்று சிலவற்றை மட்டும் தனியாக அடிப்பார்கள். புரூஃப் காசு என்று பெயர். யார் கையிலும் மாறாமல், எந்தக் கல்லாவிலும் விழாமல் வந்தவை. அதன் வெற்றுப் பரப்பில் உங்கள் முகம் தெரியும். ராணியின் தலை மட்டும் பனி விழுந்தது போல மங்கலாக நிற்கும். நீங்கள் அழுக்கு என்று நினைத்தீர்களே, அந்த மயில் கழுத்து நிறம்? எழுபது வருஷம் வெள்ளி சும்மா இருந்ததனால் தானாக வந்த நிறம் அது. அதற்காகத்தான் ஜெயராஜ் போன்றவர்கள் உயிரை விடுகிறார்கள். ஒரு விரல் பட்டாலே அதன் மதிப்பு போய்விடும். நான் மூச்சுக்கூட அதன் மேல் விட்டதில்லை.

நீங்கள் ஒரு பிடி சாம்பலைப் போட்டு என் இருபது வருஷத்தைச் சுரண்டி எடுத்துவிட்டீர்கள்.

ஜெயராஜ் கண்ணாடியை வைத்துப் பார்த்ததும் தெரிந்துகொள்வார். இந்நேரம் தெரிந்திருக்கும். சலேஹாவிடம் நான் என்ன சொல்வது?

ஹமீது


டத்தோ கிராமாட்
ஆவணி 18, சதுர்த்தி

தம்பி ஹமீது,

திருநீற்றைச் சாம்பல் எண்டு எழுதிப்போட்டீர். வாசிச்ச உடனை கடிதத்தை மடிச்சு வைச்சிட்டன். உம்மடை நோன்பை நான் பட்டினி எண்டு சொன்னனானோ எப்பவாவது? உமக்கு நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சி வேலிக்கு மேலாலை தந்தவள் நான். சரி, விடும். நோய்க்காறி இருக்கிற வீட்டோட சண்டை பிடிக்கக் கூடாது. சதுர்த்தி நாளும்.

நீர் சொன்னது மெய்தான். புதன்கிழமை போனன். அந்தாள் பெட்டியைத் திறந்து, கண்ணிலை ஒரு சின்னக் குழாய்க் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பாத்தார். பேந்து, "அக்கா, இத யாரு தேச்சது?" எண்டார்.

"நான்தான். நல்லா வந்திருக்கெல்லே?" எண்டன்.

"கொன்னுட்டீங்களே லா!" எண்டு தலையிலை கை வைச்சிட்டார். "வேற யாராச்சும் எனக்கு சூனியம் வெச்சிருந்தாகூட இப்படி வலிச்சிருக்காது."

எனக்கு வந்ததே கோவம். "என்ன தம்பி, கறுத்துக் கிடந்ததை வெளுக்கப் பண்ணினால் குத்தமோ? உம்மடை மனுசி பாத்திரம் விளக்கிறேல்லையோ?" எண்டு நானும் ஏறிக்கொண்டு போனன். அந்தாள் கோவிக்கேல்லை. உள்ளை போய்த் தன்ரை பெட்டியைக் கொண்டுவந்து ஒரு காசை யன்னல் வெளிச்சத்திலை பிடிச்சார். "இதையும் பாருங்க, அதையும் பாருங்க" எண்டார். என்ரை கண்ணிலையும் அந்தக் குழாயை வைச்சுவிட்டார். தம்பி, அவரின்ரை காசு கிணத்துத் தண்ணி மாதிரி ஆழமாய்க் கிடந்தது. நம்மடையிலை? காக்கா கால் வைச்சு நடந்த சேறு மாதிரிக் கீறல், கீறல், கீறல். எல்லாம் என்ரை கை போட்ட கீறல். நல்லது செய்யிறன் எண்டு நினைச்சுத்தான் அழுத்தித் துடைச்சனான். நான் எவ்வளவுக்கு அழுத்தினனோ அவ்வளவுக்குக் கெட்டுப்போச்சு. அந்த இடத்திலையே அழுதிட்டன்.

"காசுக்காக இல்லக்கா," எண்டார். "காலையில என் கேட்டுக்கு முன்னால எவ்ளோ பேரு நிக்கிறாங்க, பாத்தீங்கதானே? இருக்கிறது ஒரு புட்டி. என் தாயாருக்கும் அதே காய்ச்சல். அத நான் குடுக்கணும்னா எனக்கும் ஒண்ணு கெடைக்கணும்ல, இல்லாட்டி என் வீட்டுக்காரிகிட்ட என்ன சொல்லுவேன்?" நான் எழும்பேல்லை. அவரின்ரை வாசல் மர வாங்கிலையே இருந்தன். சலேஹாவின்ரை குழம்பு, ஹபீபாவின்ரை மழலை, நீர் கடனுக்குச் சாப்பாடு போட்ட கதை எல்லாம் சொன்னன். மத்தியானம் ஆச்சு. அவரின்ரை மனுசி கதவாலை எட்டிப் பாத்து, "ஏங்க, குடுத்து அனுப்புங்க லா, இல்லாட்டி இவங்க இங்கேயே குடிவந்துருவாங்க" எண்டா. நாலு குளிசை தந்தார். இந்தக் கடிதத்தோட இருக்கு. உடனை குடும். ஆனால் இது காய்ச்சலை இழுத்துப் பிடிக்கத்தான் காணும், மாத்தக் காணாது எண்டு சொன்னவர்.

ஒண்டு கேக்க வேணும். வெளிக்கிடேக்கை அவர் பெட்டியின்ரை அஞ்சாவது குழியைத் தொட்டுக் காட்டினார். "இதுல இருக்க வேண்டியது ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தொண்ணுல அடிச்ச அஞ்சு சென்ட் காசு. நான் பத்து வருஷமா கேட்டது அதத்தான். மத்த நாலும் சும்மா கூட வர்ற சனம். அத அவரு விக்கல. வித்திருந்தா இந்த ஊர்ல எனக்குத் தெரியாம இருக்காது" எண்டார்.

அது எங்கை தம்பி?

ஞானாம்பிகை அக்கா


கெப்பாலா பத்தாஸ்
6 செப்டம்பர் 1943

அக்கா,

மாத்திரைகள் கிடைத்தன. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவானாக. இரண்டு நாள் நடுக்கம் நின்றது. எழுந்து உட்கார்ந்து ஹபீபாவுக்குத் தலை வாரிவிட்டாள். நேற்று மாலை மறுபடியும் வந்துவிட்டது, முன்னைவிடக் கடுமையாக. ஹபீபாவைப் பார்த்து "யாரு இந்தப் புள்ள?" என்று கேட்டாள். குழந்தை வெளியே போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நின்று அழுதது.

சாம்பல் என்று எழுதியதற்கு மன்னியுங்கள். நீங்கள் தந்த கஞ்சி என் வயிற்றில் இருக்கும்போது அப்படி எழுதியிருக்கக் கூடாது.

வேறு யாரிடமாவது குயினின் இருக்கிறதா என்று விசாரியுங்கள். சீனத்து மருந்துக்கடைகளில் கேளுங்கள். துறைமுகத்துப் பக்கம் யாராவது ஒளித்து விற்கிறார்களாம்.

அந்த ஐந்து சென்ட் காசைப் பற்றி இப்போது என்ன பேச்சு, அக்கா? போனது போனதுதான்.

ஹமீது


டத்தோ கிராமாட்
ஆவணி 22

ஹமீது,

நீட்டி எழுத எனக்கு இண்டைக்கு மனமில்லை. சீனக் கடையெல்லாம் நடந்தன். ஒருத்தனிட்டையும் இல்லை. துறைமுகத்திலை ஒருத்தன் வித்தது சுண்ணாம்பை உருட்டின உருண்டை. நாக்கிலை வைச்சுப் பாத்தன், கைப்பே இல்லை.

போனது போனது எண்டு எழுதினீர். எங்கை போனது எண்டுதான் கேட்டனான். வித்தீரோ? களவு போச்சோ? அதை எழுதுறதுக்கு ரெண்டு வரி காணும். நீர் எழுதேல்லை. நீர் பொய் சொல்லத் தெரியாத மனுசன் எண்டு எனக்குத் தெரியும். அதாலைதான் ஒண்டும் சொல்லாமல் விட்டிருக்கிறீர்.

நேற்று மீரானைக் கேட்டன், ஹமீது என்ன உடுத்திருக்கிறார் எண்டு. "சாரம் கிழிஞ்சிருச்சு பெரிம்மா, கோணியத் தச்சுக் கட்டியிருக்காரு. ஆனா காசு வைக்கிற அந்தப் பச்சை பெல்ட்டு மட்டும் எப்பவும் இடுப்புல இருக்கும். குளிக்கிறப்பகூட கரையில வெச்சு அதையே பாத்துக்கிட்டுதான் குளிப்பாரு" எண்டான்.

நான் நாலைக் கெடுத்தன். ஓம். அறியாமல் கெடுத்தன். அதுக்கு என்ரை கையை நானே நொந்துகொண்டு இருக்கிறன். நீர் ஒண்டை அறிஞ்சுகொண்டு வைச்சிருக்கிறீர். பக்கத்திலை பெண்சாதி நடுங்கிக்கொண்டு கிடக்கிறாள்.

இனி நான் கேக்கமாட்டன்.

ஞானாம்பிகை


கெப்பாலா பத்தாஸ்
9 செப்டம்பர் 1943

அக்கா,

மீரானின் தேங்காய்க் கூடையில் ஒரு காலி நெருப்புப் பெட்டி இருக்கும். உள்ளே இலவம்பஞ்சு. திறக்க வேண்டாம். ஜெயராஜ் திறக்கட்டும்.

நான் சம்பாதித்து வாங்கிய முதல் காசு அது. மீரான் கையில் கொடுத்த பிறகு இரண்டு தடவை திரும்ப வாங்கினேன். மூன்றாம் தடவை சலேஹா முனகும் சத்தம் கேட்டது.

ஹமீது


டத்தோ கிராமாட்
ஆவணி 27

தம்பி ஹமீது,

புட்டியிலை முக்கால்வாசி தந்திட்டார். மீரானிட்டைத் துணியிலை முடிஞ்சு குடுத்திருக்கிறன். வெறும் வயித்திலை குடுக்க வேண்டாமாம். கிழங்குக் கஞ்சியெண்டாலும் குடுத்துப்போட்டுத்தான் மருந்து. காது இரையுமாம், பயப்பட வேண்டாமாம். காய்ச்சல் விட்டாப் பிறகும் நிப்பாட்டாமல் முழுக்கக் குடுக்கச் சொன்னவர். அவளுக்குக் கைக்கும், துப்பப் பாப்பாள். மூக்கைப் பிடிச்சு விழுங்கப் பண்ணும்.

நெருப்புப் பெட்டி கைக்கு வந்த உடனை பிள்ளையாருக்குக்கூடக் காட்டேல்லை. மடியிலை செருகினால் என்ரை வேர்வை பட்டிடும் எண்டு ரெண்டு கையாலையும் ஏந்திக்கொண்டு நடந்தன். சந்தியிலை நிண்ட ஜப்பான்காறன் கத்தினான். குனிஞ்சு கும்பிட வேணுமாம். கையை மேலை தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இடுப்பாலை மட்டும் குனிஞ்சன். விசர்க் கிழவி எண்டு நினைச்சிருப்பான், போ எண்டு கையைக் காட்டினான்.

டிரெஸ்ஸர் கை கழுவி, ஈரம் காயும் மட்டும் பொறுத்து, பஞ்சை விலத்தினார். சின்னவிரல் நகத்தளவு காசு! இதுக்கோ இவ்வளவும் எண்டு முதல் நினைச்சன். விளிம்பிலை பிடிச்சு யன்னலடிக்குக் கொண்டுபோனார். மனுசி சாப்பிடக் கூப்பிட்டா, காதிலை விழேல்லை. திரும்பக் கூப்பிட்டா, அதுவும் இல்லை. பேந்து என்னைப் பாத்து, "வாங்கக்கா, மூச்சு விடாம பாருங்க" எண்டார்.

பாத்தன் தம்பி. அந்தச் சின்ன வட்டத்துக்குள்ளை யன்னல் முழுக்கத் தெரிஞ்சுது. மேகம் போறதும் தெரிஞ்சுது. அதுக்கு நடுவிலை அந்த முகம். நான் ஒண்டும் கதைக்கேல்லை. நம்புவீரோ? வீட்டை வந்து சேரும் மட்டும் ஒருத்தரோடையும் கதைக்கேல்லை.

வெளிக்கிடேக்கை டிரெஸ்ஸர் சொன்னார், "ஹமீது அண்ணன்கிட்ட சொல்லுங்க, எப்ப வந்து பாக்கணும்னாலும் கதவு தொறந்திருக்கும். நான் தொடக்கூட மாட்டேன், பாத்துக்குவேன், அவ்ளோதான்."

போன கடிதத்திலை நான் சுடச்சுட எழுதிப்போட்டன். அதுக்கு மன்னிப்புக் கேக்கமாட்டன். ஆனால் நீர் ரெண்டு தரம் திரும்ப வேண்டினது ஏன் எண்டு அந்த யன்னலடியிலை எனக்கு விளங்கிச்சுது. அதை உமக்குச் சொல்லாமல் விட்டால் பாவம்.

அவளுக்கு எப்பிடி எண்டு உடனை எழுதும்.

அக்கா


கெப்பாலா பத்தாஸ்
24 செப்டம்பர் 1943

அன்புள்ள அக்காவுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். காய்ச்சல் விட்டு ஒரு வாரத்துக்கு மேலாகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் நடக்கிறாள். காதுக்குள் வண்டு கத்துவதாகச் சொல்லி ஹபீபாவை எட்டிப் பார்க்கச் சொல்கிறாள். குழந்தையும் அவள் காதில் வாயை வைத்து "வண்டே, வெளிய வா!" என்று கூப்பிடுகிறது. உங்கள் தேங்காயை உடைத்துவிடுங்கள், உங்கள் பிள்ளையார் முந்தினாரா என் ரப்பு முந்தினானா என்று நாம் வேலியோரம் நின்று பேசிக்கொள்ளலாம்.

என்ன கொடுத்து மருந்து வாங்கினேன் என்று அவளிடம் நான் சொல்லவில்லை. எல்லாம் அக்காவின் வாய் சாமர்த்தியம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். நேற்று நோன்பு திறந்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, இடுப்புல இருந்தது போயிடுச்சா?"

"எது?"

"பெல்ட்டுக்குள்ள சின்ன டப்பியில ஒண்ணு வெச்சிருந்தீங்களே. தூங்குறப்ப திரும்புனா என் விலாவுல குத்துமே, அது."

"உனக்குத் தெரியுமா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து குத்துது. தெரியாம இருக்குமா?"

"அத ஜெயராஜ் கேட்டுக்கிட்டே இருந்ததும் தெரியுமா?"

"கடைக்குப் பின்னால நான்தான சோறு ஆக்குவேன். அவரு கேக்குறதும் நீங்க வையிறதும் அடுப்படி வரைக்கும் கேக்கும்."

"அப்ப நீ கெடந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதக் குடுங்கன்னு கேட்டிருக்கலாம்ல?"

அவள் கிண்ணத்தை வழித்து முடித்தாள். பிறகு, "கேட்டா குடுத்திருப்பீங்க. அதான் கேக்கல" என்றாள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், அக்கா. அவள் கேட்டிருந்தால் உடனே கழற்றிக் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. அவள் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது அதை நான் எப்படிச் சொல்வது? உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் திட்டுவீர்கள். திட்டி எழுதுங்கள்.

உங்கள் தம்பி
ஹமீது